விமானம் ஏறிய ரத்தம்

பாப்பா,

இதுவரை யாரும் யாருக்கும் சொல்லாத, சொன்னாலும் ஒருவரும் நம்பாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன் என்று தணிகைமலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகள் மேலும், நான் இதுவரை வாடகைக்கு விட்ட காவடிகள் மேலும் சத்தியம் செய்கிறேன். அந்தக் காவடிகளின் பெருமை உனக்குத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவைத் தொடும், நிலாவில் இறங்கினவன் என் மயில்தோகைக் காவடியின் மேல் கால் வைத்துத்தான் இறங்கினான், இறங்கினவன் ஒரு அரோகரா கூடச் சொல்லவில்லை என்று உனக்கு ஏழு வயதில் சொன்னேன். நீ நம்பினாய். எட்டு வயதில் நம்பாமல் சிரித்தாய். ஒன்பது வயதுக்குப் பிறகு நீ சிரிப்பது குறைந்துவிட்டது. அந்த ஒன்பதாவது வயதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் பள்ளிப்பட்டில் இருக்கும் உன் அத்தை வீட்டுக்குப் புறப்பட்டு, பையும் கையுமாகக் கடை வாசலில் நின்றாய். அப்போது நீ சொன்னது காதில் அப்படியே நிற்கிறது. அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அம்மை, நம் வீட்டுப் பேச்சில் 'அம்மா', வந்து, அவர்கள் வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "நான் கூப்ட்டுத்தான, சின்னைனா, நைனா எம் பக்கத்துல வந்து குந்துனாரு. நான் கூப்டாம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். நாளைக்கி எனக்கொரு புள்ள பொறந்து, அதுக்கு அம்மா வந்தா, அப்ப நான் யாரக் கொல்லுவனோ," என்றாய். அழவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலச் சொன்னாய். பேச்சு வராமல் நான் நின்றதை இந்தத் திருத்தணியில் பார்த்த ஒரே ஆள் நீதான். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய்.

நேரில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நேரில் சொன்னால் பாதியில் வேடிக்கையாக்கிவிடுவேன். என் கை தானாக ஆடத் தொடங்கும், குரல் ஏறும், கடையில் நிற்கும் பக்தர்கள் இரண்டு பேர் சிரிப்பார்கள், அதோடு உண்மை மலை இறங்கி ஓடிவிடும். பேனா பிடித்த கை ஆடாது. அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உன் அத்தை வீட்டுக்காரர் பாவா மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்துவிட்டு உன் அத்தைக்கும் வாசித்துக் காட்டு. அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது எனக்கு இத்தனை வருஷம் எவ்வளவு வசதியாக இருந்தது என்பதும் இந்தக் கடிதத்தில் வரும்.

உன்னைப் பெற்ற நைனா, என் அண்ணன், கண்டக்டர் வேலை பார்த்தது உனக்கு நினைவிருக்கும். திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே ஒரு நாளைக்கு நான்கு நடை. அவர் விசில் ஊதினால் சோளிங்கர் மலைமேல் இருக்கும் குரங்குகள் எல்லாம் டிக்கெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். விசில் அவ்வளவு சத்தம் கிடையாது. அவரே அவ்வளவு சத்தம் கிடையாது. வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் நானே பேசிவிட்டதால் அவருக்கு மிச்சம் இல்லை. உன் அம்மா உன்னைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்த பிறகு, அந்தச் சின்ன வீட்டில் நாம் மூன்று பேர். அவர் உழைத்தார், நான் அளந்தேன், நீ வளர்ந்தாய். உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் நான் சொன்ன ஒரு கதை நினைவிருக்கிறதா? கடவுள் ஒரே ஆளைச் செய்து, இரண்டு சட்டை போட்டு, ஒன்றுக்கு உன் நைனா என்றும் இன்னொன்றுக்குச் சின்னைனா என்றும் பெயர் வைத்து அனுப்பிவிட்டார். அவர் பஸ்ஸில் மிளகாய் பஜ்ஜி தின்றால் இங்கே கடையில் எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். அவர் பள்ளிப்பட்டில் தும்மினால் இங்கே நான் 'நூறு' என்பேன். உள்ளே பிரித்துப் பார்த்தால் எது யாருடையது என்று பிரம்மனுக்கே தெரியாது. இந்தக் கதையை நீ எட்டு வயதிலும் கேட்டு வாங்கினாய். இதை மட்டும் மறந்துவிடாதே. கடைசியில் இதற்கு வருகிறேன்.

முதலில் அவருக்குக் கால் வீங்கியது. நாள் முழுக்க நிற்கிற வேலை, வீங்கத்தான் செய்யும் என்று நெருஞ்சிமுள்ளைக் காய்ச்சிக் கொடுத்தேன். அப்புறம் முகம் வீங்கியது. அப்புறம் சோற்றைப் பார்த்தால் குமட்டல். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கூட்டிப் போனோம். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது, இனி அது வேலைக்கு ஆகாது, கூடப் பிறந்தவர்களில் யாராவது ஒன்று கொடுத்தால் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் அது வாயைப் பிளக்க வைக்கிற செய்தி. கேட்டவர்கள் எல்லாம் நான் விட்ட புளுகு என்றே நினைத்தார்கள். என் ஆயுளில் நான் உண்மை சொல்லி யாரும் நம்பாமல் போனது அப்போதுதான் முதல் தடவை.

கூடப் பிறந்தவர்கள் என்றால் நானும் உன் அத்தையும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அதைச் சோதிக்கிற வசதி அப்போது இங்கே இல்லை என்று சொல்லி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பம்பாய்க்கு விமானத்தில் அனுப்பினார்கள். எங்கள் வம்சத்தில் முதன்முதலில் விமானம் ஏறியது என் ரத்தம்தான். ஊருக்கு வந்து இதைச் சொல்லாத ஆள் இல்லை. ஜன்னல் ஓரத்து சீட்டில் உட்கார்ந்து போனது, கீழே பார்த்தபோது மலையும் கோபுரமும் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டது என்று பரமசிவன் கைலாயத்தில் சிரிக்கிற அளவுக்கு அளந்தேன். உன் அத்தை ரத்தமும் அதே பெட்டியில்தான் போனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து விளக்கினார். அவர் சொன்னது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். உடம்பில் இருக்கிற ஒவ்வொரு அணுவின் மேலும் ஓர் அடையாளம் இருக்கிறது. அந்த அடையாளத்தில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகிறது. அப்பாவிடம் இரண்டு இருக்கிறது, அதில் ஒன்றைத் தருகிறார். அம்மாவிடமும் இரண்டு, அதில் ஒன்றைத் தருகிறார். அதனால் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு அடையாளம் முழுக்க ஒன்றாக இருக்கலாம், பாதி ஒன்றாக இருக்கலாம், துளியும் ஒன்றாக இல்லாமலும் போகலாம். ரத்தத்தில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடையாளத்தைப் பார்த்துத்தான் இது நம்ம ஆள், இது வேற்றாள் என்று பிரிக்கிறார்கள். முழுக்கப் பொருந்தின கிட்னியை வைத்தால் காவல்காரர்களுக்கு அதிகம் சந்தேகம் வராது, கொஞ்சம் மாத்திரை போதும். பாதி பொருந்தினதை வைத்தால் அவர்களை நிறைய மாத்திரை கொடுத்து ஆயுள் முழுக்கத் தூங்க வைக்க வேண்டும். தூங்குகிற காவல்காரனுக்குத் திருடனையும் தெரியாது. மற்றவர்களுக்குச் சளி, காய்ச்சல் என்று வந்து போகிற வைரஸ் எல்லாம் இவருக்கு மட்டும் பெரிதாகப் பிடிக்கும் என்றார்.

உன் நைனா, "அதாவது செக்கிங் இன்ஸ்பெக்டர தூங்க வெச்சிட்டா, டிக்கெட் இல்லாதவன்லாம் வண்டியில ஏறுவான்னு சொல்றீங்க," என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். தான் இத்தனை நேரம் சொன்னதை ஒரு கண்டக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரிடம் சொன்னார். உன் நைனா பேசி ஒருவர் சிரித்ததை நான் பார்த்தது அது ஒன்றுதான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பதில் வந்த அன்று டாக்டர் என்னை மட்டும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு காலண்டர். கதவைச் சாத்தினார். ஒரு தாளைக் காட்டி, நானும் உன் நைனாவும் முழுக்கப் பொருந்துகிறோம், இரட்டைப் பிள்ளைகள் இல்லையென்றாலும் அடையாளத்தில் இரட்டையர்போலத்தான், நான்கில் ஒருவருக்குத்தான் இந்த அதிர்ஷ்டம் அமையும் என்றார். உன் அத்தை பாதி பொருந்துகிறாள். பிறகு கேட்டார், "நீங்க முழு மனசோட குடுக்கறீங்களா? யோசிச்சு சொல்லுங்க. வெளிய யாருக்கும் தெரியாது."

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். ஒன்று என்ன சார், இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வம்சத்தில் கிட்னி காய்த்துத் தொங்கும் என்று ஏதோ அளந்தேன். அவர் சிரிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார். யாரும் சிரிக்காத இடத்தில் கதை எவ்வளவு நேரம் ஓடும்? நின்றுவிட்டது. நின்றபிறகு என் வாயிலிருந்து வந்தது, "பயமா கீது சார்."

பாப்பா, இதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. எனக்குப் பெண்டாட்டி கிடையாது, பிள்ளை கிடையாது. எனக்கு ஏதாவது ஆனால் பட்டினி கிடக்க ஓர் ஆள் கிடையாது. அவருக்கு நீ இருந்தாய். எந்தத் தராசில் வைத்தாலும் கொடுக்க வேண்டியவன் நான்தான். கத்திக்குப் பயந்தேன், அவ்வளவுதான். டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தாளை மடித்து உறைக்குள் வைத்தார். பயத்தோடு கொடுக்கிறவனிடம் வாங்குவதில்லை என்பது அவர்கள் வழக்கமாம். "சரி. உங்களுக்குப் பொருந்தலைன்னு சொல்லிடறேன். அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க," என்றார். என்னைக் காப்பாற்றினதாக நினைத்துத்தான் அதைச் செய்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆயுள் முழுக்க ஊரிடம் பொய் சொன்னவனுக்கு, அவன் வாழ்க்கையின் பெரிய பொய்யை இன்னொருவர் சொல்லிக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் உன் நைனாவும், அத்தையும், உன் பாவா மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் "பொருந்தலையாம்" என்றேன். உன் நைனா என் முகத்தைப் பார்த்தார். "சரி உடு," என்றார். உன் அத்தை உடனே எழுந்துவிட்டாள். "எனுது பாதி பொருந்துதுன்னு நர்சம்மா சொல்லிச்சே. அதயே எடுத்துக்கினு போவச் சொல்லு. கழுதைக்கி ரெண்டு எதுக்கு, ஒண்ணு போதும்," என்றாள். பாவா மாமா குனிந்தார். அவள் புடவை முந்தானை பெஞ்சில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டார். அதுதான் அவர் சம்மதம். அவர்கள் இரண்டு பேரும் டாக்டர் அறைக்கு நடந்துபோனதைப் பார்த்தபடி நின்றேன். எனக்கு அப்போது வெட்கமோ துக்கமோ ஒன்றும் வரவில்லை. காலை மடித்து உட்கார்ந்து கால் மரத்துப் போனால் எப்படி இருக்கும், அதுபோல உடம்பு முழுக்க இருந்தது. கால் என்றால் உதறலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் சின்ன டாக்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். அப்படிக் கேட்டதில் ஒன்று, உன் நைனாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறதா என்பது. ஒரு தடவை வந்தவருக்கு உடம்பில் கொஞ்சம் எதிர்ப்பு மிச்சமிருக்கும், வராதவராக இருந்தால் இந்த மாத்திரையோடு அம்மை வந்தால் ஆபத்து, அதற்காகக் கேட்டார். உன் நைனா என்னைப் பார்த்தார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். அம்மை வரவில்லை என்று நம் வீட்டில் யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த அம்மன் காதில் விழும், கூப்பிடாமல் விட்டார்களே என்று தேடிக்கொண்டு வந்துவிடுவாள். யார் கேட்டாலும் 'வந்து போயிட்டா' என்றுதான் சொல்ல வேண்டும். என் அம்மா எங்களுக்குச் சோற்றோடு ஊட்டின பாடம் அது. "ஆங், வந்துட்டுப் போயிருக்கா சார். ஒரு மாசம் தங்கி, கூழு குடிச்சி, புடவ வாங்கிக்கினு போனா," என்றேன். சின்ன டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். உன் நைனாவும் தலையாட்டினார். உண்மையில் எனக்கும் உன் அத்தைக்கும் வந்தது. அவருக்கு வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் படுத்திருந்த அந்த மாசம் அவர் சோளிங்கரில் எங்கள் மாமன் வீட்டில் இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் முகம் மாத்திரையால் உப்பி, பூரி மாதிரி வட்டமாகிவிட்டது. நீ அவர் கன்னத்தை விரலால் அழுத்தி அழுத்தி விளையாடுவாய். கூட்டத்தில் போகக் கூடாது என்றதால் பஸ் வேலையை விட்டார். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியாக நம் தெருவில் போனபோது, அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். விசிலை உனக்குக் கொடுத்துவிட்டார். நீ அதை ஊதிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே பஸ் விட்டாய். பூஜை அறை திருத்தணி, அடுப்பங்கரை பள்ளிப்பட்டு. அவர்தான் ஒரே பயணி. ஒரு வருஷம் அப்படிப் போனது. நன்றாகத்தான் போனது.

அப்புறம் பங்குனியில் உனக்கு வந்தாள். முதல் கொப்புளம் காதுக்குப் பின்னால். வாசலில் வேப்பிலை செருகினோம், உன்னை வேப்பிலை மேல் படுக்க வைத்தோம். அரிப்பு தாங்காமல் நீ, "நைனா, இங்க வந்து குந்து," என்று கூப்பிட்டாய். கூப்பிட்டது உண்மைதான். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் வந்து உட்கார்ந்து, வேப்பங்கொத்தால் உனக்குத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். பாப்பா, இந்த இடத்தைக் கவனமாகப் படி. எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. சின்ன டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினது ஞாபகம் வந்தது. 'அண்ணா, உனக்குத்தான் வரலியே, எழுந்து பாவா வூட்டுக்குப் போய்டு' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா வீட்டுக்குள் வந்து படுத்திருக்கும்போது, அவள் காதில் விழ, இவருக்கு நீ வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று வாய் ஒட்டிக்கொண்டது. ஊர் முழுக்க ஓயாமல் பேசினவன் பேச வேண்டிய ஒரு வாக்கியத்தைப் பேசவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை நைனாவைக் கூப்பிட்டது தப்பா, நாற்பது வயதுக்காரன் வாயை மூடிக்கொண்டு நின்றது தப்பா? நீயே சொல்.

உனக்கு மூன்று தண்ணீரும் ஊற்றி, நீ மறுபடி விசில் ஊத ஆரம்பித்திருந்தாய். அப்போது அவருக்கு முதுகு வலித்தது. அப்புறம் காய்ச்சல், அப்புறம் மூச்சு இழுப்பு. தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கொப்புளம். மற்றதெல்லாம் உள்ளே நுரையீரலில் போட்டிருக்கிறது என்றார்கள் மெட்ராஸில். பழைய தாளைப் புரட்டி, "இவருக்கு முன்னாடியே வந்திருக்குன்னு எழுதியிருக்கே," என்று கேட்டார் பெரிய டாக்டர். இல்லை சார், அது எங்கள் வீட்டு வழக்கத்துக்குச் சொன்னது என்றேன். அவர் அந்த வரியை அடித்தார்.

அம்மைக்கு மருந்து என்று அப்போது அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. காவல்காரர்களை எழுப்புவது ஒன்றுதான் வழி. மாத்திரையை நிறுத்தினால் அவர்கள் எழுந்து வைரஸை விரட்டலாம், ஆனால் எழுந்ததும் உன் அத்தையின் கிட்னியைத்தான் முதலில் பார்ப்பார்கள், பாதி வேற்றாள் என்று அடிப்பார்கள். நிறுத்தாவிட்டால் மூச்சு போகும். கொஞ்சம் குறைத்தார்கள், கிட்னி வீங்கியது. மறுபடி ஏற்றினார்கள், மூச்சு இரைத்தது. கட்டில் பக்கத்தில் நின்று பெரிய டாக்டர் சின்ன டாக்டரிடம், "முழுசா பொருந்தினதா இருந்தா தைரியமா நிறுத்திப் பாத்திருக்கலாம்," என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்காமல் இருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. வராந்தாவில் அவரைப் பிடித்து நேராகக் கேட்டேன். முழுக்கப் பொருந்தியிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம். நான் எடுத்துக்கொள்ளவில்லை. கீழே வைத்துவிட்டேன், அது அங்கேயே இருக்கிறது.

கடைசி நாள் மதியம் உன் நைனாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். "டேய். நீ ஒரு டீ குடிச்சிட்டு வந்தாக்கூட அர மணி நேரம் கத சொல்லுவ. அன்னிக்கி டாக்டர் ரூம்லேர்ந்து வெளிய வந்து ஒரே வார்த்தையில முடிச்ச பாரு. அப்பவே எனக்குத் தெரியும்டா," என்றார். நான் வாய் திறந்தேன். கையால் வேண்டாம் என்று காட்டினார். மூச்சு வாங்கி, "பாப்பாவுக்கு மட்டும் கத சொல்லிக்கினே இரு," என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல அவருக்கு மூச்சு போதவில்லையோ, மனசு வரவில்லையோ. மாலையில் போய்விட்டார். நான் அழவில்லை. கொள்ளிக்கு நான் நின்றேன், தலை மழித்துக்கொண்டேன், வருஷம் கழிந்து மலையேறிப் படியெல்லாம் மஞ்சள் வைத்தேன், அழுகை வரவில்லை. ஊரில் பார்த்தவர்கள் எவ்வளவு தைரியம் என்றார்கள். ஆஸ்பத்திரித் தாள்களையெல்லாம் உன் அத்தைதான் கட்டி என் கையில் கொடுத்தாள், பம்பாயிலிருந்து வந்த பதிலும் அதில்தான் இருந்தது, எழுத்துத் தெரியாதவளுக்கு அது தெரியவில்லை.

அன்றிலிருந்து உனக்குக் கதை சொன்னேன். நிலா, குரங்கு, காவடி. நிறுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்று நிறுத்தாமல் சொன்னேன். நீ அமைதியாகிக்கொண்டே போனாய். அப்பனை இழந்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உனக்குள் நீ கூப்பிட்ட அந்த ஒரு சொல் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது என்று போன வாரம்தான் தெரிந்தது. என் பாரத்தை நீ சுமந்துகொண்டிருந்திருக்கிறாய், நான் காவடி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, ஆனாலும் பெற்ற ஸ்தானத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். உனக்குப் பிள்ளை பிறந்து அதற்கு அம்மா வந்தால், வேப்பிலையும் செருகு, டாக்டரிடமும் சொல். டாக்டர் எது கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல். 'வரலை' என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொள்வதாக இருந்தால் என்னிடம் வரச் சொல், என் விலாசம் அவளுக்குத் தெரியும். உன் பிள்ளை கூப்பிட்டால் போ. பக்கத்தில் உட்கார்.

கல்யாணத்தில் உன்னைத் தாரை வார்க்க நான்தான் நிற்க வேண்டும் என்று முதலில் சொல்லியிருந்தாய். பெண்டாட்டி இல்லாதவன் எப்படி நிற்பது என்று ஊர்க்காரர்கள் கேட்டதற்கு, வேண்டுமானால் காவடிக்குப் புடவை கட்டிப் பக்கத்தில் நிற்க வை என்று என்னிடமே கிண்டல் செய்தாய். உன் அத்தையும் பாவா மாமாவும் நிற்கட்டும். ஒன்றைக் கொடுத்தவளுக்குத்தான் தாரை வார்க்கிற கை உண்டு. ஆபரேஷன் செய்த தழும்பைச் சுற்றி இன்றைக்கும் அவளுக்கு உணர்ச்சியில்லை, கிள்ளினாலும் தெரியாது என்பாள். இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது அவள் முகத்தைப் பார். அவள் என்ன சொல்கிறாளோ அதை எனக்கு வந்து சொல். ஜாடையாக வேண்டாம், அவள் வார்த்தையிலேயே சொல். என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் இரண்டு பேர் இஷ்டம். ஆனால் கல்யாணத்தை நிறுத்த உனக்குக் காரணம் ஒன்றும் கிடையாது. இருந்ததெல்லாம் என்னுடையது, இதோ, எடுத்துக்கொண்டேன்.

உனக்கு நான் சொன்ன கதைகளில் நிலாவில் இறங்கினவன் காவடி மேல் கால் வைக்கவில்லை. குரங்குகள் டிக்கெட் எடுக்கவில்லை. என் ரத்தம் ஜன்னல் ஓரம் உட்காரவில்லை. உன் நைனா பஜ்ஜி தின்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை. அவர் செத்தபோதும் வரவில்லை. ஆனால் கடவுள் ஒரே ஆளைச் செய்து இரண்டு சட்டை போட்டு அனுப்பினார் என்று சொன்னேனே, அதில் ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. டாக்டர் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

சின்னைனா